சுற்றினால் திறக்கும் ஜன்னல்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன், டோக்கன் கொடுக்கிற எந்த இடத்துக்கும் போக மாட்டேன். அப்படிப்பட்டவளை ஒரு ஜன்னல் கைப்பிடி இந்தக் கோடை முழுக்க அலையவிட்டது.

விருதுநகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு பழையது. கட்டியவர் எங்கே பார்த்துவிட்டு வந்தாரோ, படுக்கையறைக்கு ஓர் அதிசய ஜன்னல் வைத்திருக்கிறார். உள்ளே நெருக்கமான கம்பி, கை நுழையாது. அதற்கு வெளியே இரும்புச் சட்டத்தில் கண்ணாடிக் கதவு. கீழே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் கதவு மெல்ல வெளியே தள்ளித் திறக்கும். திறக்க வேண்டும். உள்ளே பல்சக்கரம் தேய்ந்துபோனதால் கைப்பிடி மட்டும் சுற்றும், கதவு அசையாது. மின்விசிறி ஓடுகிறதே, போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அக்கா வந்த பிறகுதான் வினை. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. அவள் கம்பெனிக்குப் போனதால்தான் நான் படித்து டீச்சரானேன். பங்குனியில் ஒருநாள் அவளுக்கு அடுத்த அறையில் தீப்பிடித்து, அங்கே வேலை செய்தவள் செத்துப்போய்விட்டாள். அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இனி அந்த வேலையே வேண்டாம் என்று நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வந்தவள் படுக்கையறையில் இருக்க மாட்டேன் என்றாள். கட்டிலில் உட்கார்ந்தால் அந்த மூடிய கண்ணாடியையே பார்ப்பாள். பிறகு கூடத்துக்கு எழுந்து வந்து, தெருக்கதவைத் திறந்து போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தபடியே கண் அசருவாள். கம்பெனிப் பழக்கம் அது. அங்கே ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே கதவு உண்டு, எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும், தீப்பிடித்தால் ஓடுவதற்காக வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆனால் இது பஜாருக்குப் போகிற தெரு. நான் கதவைச் சாத்துவேன், அவள் திறப்பாள். ஒருநாள் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"நான் ஊருக்கே போறேன். அங்கன நாலு பக்கமும் தொறந்து கெடக்கும்."

ஊருக்குப் போனால் மறுபடியும் கம்பெனிதான், வேறு என்ன இருக்கிறது அங்கே? பையைப் பிடுங்கி பீரோ மேல் போட்டுவிட்டு, ஜன்னலைச் சரிசெய்து தருகிறேன், அதுவரை இரு என்றேன்.

ஜன்னலையே மாற்ற வீட்டுக்காரர் ஒப்பவில்லை. அவர் அப்பா ஆசைப்பட்டு வைத்ததாம். யானையை வாங்கி வைத்தாயிற்று, அங்குசம் எங்கே கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. இரும்புக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சர், எந்தக் காலத்துல இருக்கீக? இப்போ எல்லாம் தள்ளு ஜன்னல்தான்." வெல்டிங் கடைக்காரர், தொறந்த வாக்கிலேயே பத்த வச்சிரவா என்றார். மழை வந்தால் நீங்க வந்து நனையுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். மதுரையில் கதவுக்கு, பீரோவுக்கு, கழிப்பறைக்கு எல்லாம் கைப்பிடி இருந்தது. வீட்டுக்கு வந்தால் அக்கா என் முகத்தைப் பார்க்க மாட்டாள், தோள்பையைத்தான் பார்ப்பாள். ஒரு வார்த்தை கேட்டாலாவது கத்தலாம்.

கடைசியில், எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, பழைய அச்சு மெஷின்களைப் பிரித்து விற்கும் இடத்தில் தேடச் சொன்னாள். சனிக்கிழமை சிவகாசி பஸ் ஏறினேன். ஆமத்தூர் வருவதற்குள் இறங்குவதற்கு எழுந்து நின்றுவிட்டேன். "இன்னும் அம்புட்டுத் தூரம் கெடக்கு, உக்காருங்க," என்றார் கண்டக்டர். உட்காரவில்லை.

திருத்தங்கல் பக்கம் ஒரு கொட்டகை. கடைக்கார பாயிடம் தேய்ந்த சக்கரத்தைக் காட்டினேன். அச்சு மெஷினில் தாளை அடுக்கி மேலே ஏற்றுகிற தட்டின் கைப்பிடியும் சக்கரமும் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. பல்லோடு பல் வைத்துப் பார்த்தோம், பொருந்தியது. அதே வெல்டிங் கடைக்காரர் கொஞ்சம் ராவி மாட்டிக்கொடுத்தார். சுற்றினேன். கண்ணாடி முனகிக்கொண்டே வெளியே போனது.

அக்கா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அலைந்த எரிச்சல் விடவில்லை.

"இம்புட்டு அலைஞ்சாச்சு. இந்தக் கம்பிக்குள்ள நுழைஞ்சு எப்படி ஓடப்போறே, சொல்லு பாப்போம்."

"ஓடுறதுக்கா கேட்டேன்?" என்றாள். "அன்னைக்குக் காத்து பலமா அடிச்சது. மருந்து பறக்குதுன்னு அடுத்த ரூமுக்காரி பக்கத்துக் கதவைச் சாத்தி வச்சிருந்தேன். சாத்தக்கூடாதுன்னு தெரியும், காத்தடிச்சா எல்லாரும் சாத்துவோம். அவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாளாம். தூரத்து ரூம்ல இருந்தவுகளுக்குக்கூடக் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படி வழியாக வெளியே வந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமலே வீட்டைச் சுற்றி ஜன்னல் பக்கம் வந்துவிட்டேன். உள்ளே அவள் தலை தெரிந்தது.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணும் இல்ல. கேக்குதான்னு பாத்தேன்."

"கேக்குது," என்றாள். நாற்காலியைக் கம்பியோடு ஒட்டி இழுத்துப் போட்டாள். பிறகு, "இன்னொரு தடவ கூப்பிடு," என்றாள்.