பாறைக்கு வைத்த பெயர்

மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டில் பாப்பாயியைப் போல ரோஷக்காரி கிடையாது. சந்தையிலிருந்து அரிசிப் பையோடு பஸ்ஸில் வருபவள், தன் ஊர் நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்கவே மாட்டாள். முந்தின வளைவிலேயே இறங்கி, மீதி மேட்டை நடந்தே ஏறுவாள்.

நிறுத்தத்தின் பெயர் அப்படி. 'சென்றாயன் விழுந்த பாறை'. சென்றாயன் அவள் புருஷன்; அந்தப் பாறையிலிருந்து வழுக்கி விழுந்துதான் இறந்தான். யாருக்கு எங்கே என்ன நேர்ந்ததோ, அந்த இடத்துக்கு அவர்கள் பெயரை வைத்துவிடுவது இந்த மலையின் வழக்கம். மரியாதையாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் புருஷன் விழுந்ததைக் கண்டக்டர் தினமும் பஸ் முழுக்கக் கேட்கக் கூவினால் எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்?

இப்போது அங்கே பெயர்ப்பலகை வைக்கப்போகிறார்கள். வார்டு மெம்பர் அம்சவேணி சந்தோஷமாகத்தான் வந்து சொன்னாள். பாப்பாயிக்கோ அது இன்னும் மோசமாகப் பட்டது. வாயால் சொல்வதாவது காற்றோடு போகும். பெயிண்டில் எழுதிவிட்டால், பேரன் பேத்தி காலம்வரை அவன் விழுந்துகொண்டேயல்லவா இருப்பான்?

கிராம சபையில் ஒருநாளும் வாய் திறக்காதவள் அன்று எழுந்தாள்.

"ஏனுங்க, கடைசி பஸ்ஸு உங்கள உட்டுட்டுப் போயிரக்கூடாதுன்னு, நீங்க சுமையோட மேடேறி வர்ற வரைக்கும் அந்தப் பாறை மேல நின்னு துண்ட வீசி பஸ்ஸ நிறுத்தி வெச்சவருங்க அவரு. எத்தன வருசம் நின்னாரு. விழுந்தது ஒரே ஒரு மழ நாளுங்க. அதையா எழுதுவீங்க?"

அந்தத் துண்டின் தயவில் பஸ் ஏறாதவர் அங்கே யார் இருந்தார்கள்? பிரசவ வலியோடு ஏறியவள் அம்சவேணி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சென்றாயன் நின்ற பாறைன்னே எழுதிப்போடலாமுங்க அக்கா."

அப்பாடா என்றிருந்தது பாப்பாயிக்கு. சண்டை போடத் தயாராக வந்தவள், உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

பலகை நட்ட வாரம், வேலைக்காக அடிவாரத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் அவளோடு அந்த நிறுத்தத்தில் இறங்கினார். பலகையைப் படித்தவருக்குச் சிரிப்பு வந்தது. நின்றதற்கெல்லாமா பெயர் வைப்பார்கள் என்று கேட்டார். அப்படி எதற்காகத்தான் நின்றாராம்?

விழுந்த பாறையாக இருந்த காலத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள், அவ்வளவுதான். பாப்பாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். கொத்தனார் அன்று வேலைக்கு வெகுநேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தார்.