மீட்டர் ஓடாத குரல்

மேலப்பாளையத்து அகமது மீரானுக்குக் கனவு காண ராத்திரி வேண்டியதில்லை. முருகன்குறிச்சியில் அவன் வைத்திருந்த கடையில், தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, கண்ணைத் திறந்துகொண்டே காண்பான். மோடம் கூவி, இரைந்து, அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்குத் தனிச் சுகம். கொக்கிரகுளம் பாலத்துக்கு அடியில் மீன்கள் போவதுபோலக் கடலுக்கு அடியில் ஊர்ப்பட்ட பேச்சுகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வான். வந்து நிற்கிற ஆள் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் கரையேறுவான்.

இந்தக் கிறுக்கு சின்ன வயதிலேயே பிடித்தது. வாப்பா துபாயில் இருந்தார். கடிதத்துக்குப் பதிலாக, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் கொடுத்தனுப்புவார். எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்து முடித்த பிறகும் டேப்பை நிறுத்தமாட்டார். சும்மா இருப்பார். மூச்சு கேட்கும், தூரத்தில் லாரி போவது கேட்கும். அந்த இடத்தில் உம்மா யாரையும் வாய் திறக்க விடமாட்டாள். வாப்பா அங்கேயே மௌத்தாகி அடக்கமான பிறகும் பேசினதை விட்டுவிட்டு அந்தப் பேசாததைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

வளர்ந்து எஸ்.டி.டி. பூத் வைத்தான். தொண்ணூற்றொன்பதில் அதே கடைக்குள் ஒரு மரத்தடுப்புப் போட்டு இரண்டு கம்ப்யூட்டரை இறக்கி, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினான். இன்டர்நெட் கொடுக்கத் தனியார் கம்பெனிகளுக்கும் அரசாங்கம் உரிமம் கொடுக்க ஆரம்பித்திருந்த காலம். கூடவே ஒரு கட்டுப்பாடு: அந்த வழியாக எழுத்து போகலாம், படம் போகலாம், குரல் போகக் கூடாது. மீறினது தெரிந்தால் அரசாங்கம் கொடுத்த பூத்துக்கே ஆபத்து. பூத் போனால் மீரானுக்குச் சோறு போச்சு.

தொலைபேசி இலாகாவில் ரிட்டயரான காசிலிங்கம் அண்ணாச்சி தினமும் சாயங்காலம் ஓசிப் பேப்பர் படிக்க வருவார். பேப்பரில் இந்த விஷயம் வந்தால் போதும், இருவருக்கும் முட்டிக்கொள்ளும்.

"பேச்சுக்குப் போய் வேலி போடலாமா அண்ணாச்சி?"

"ஆத்துல போற தண்ணிய அய்யா குடி, அம்மா குடின்னு விட்டா, பாபநாசத்துல அணை எதுக்குவே? வெளிநாட்டுக்குப் பேசுற ஐ.எஸ்.டி. வருமானத்துலதான் சாத்தான்குளத்துக்கு அங்கன தேரிக்காட்டு ஊருக்கெல்லாம் போன் போகுது. ஒங்க தனியார்க்காரன் பனங்காட்டுக்குள்ள கம்பி இழுப்பானா?"

அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து சீதாலக்ஷ்மி மாமி வாரம் ஒருநாள் பஸ் ஏறி வருவாள். ஒரே மகள் ஹம்ஸினி கல்யாணமாகி அமெரிக்கா போய் ஒரு வருஷம். நமக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்குக் காலை. மாப்பிள்ளை ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருப்பார். அவள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள். மாமிக்கு அந்த எழுத்து ஓடாது. மீரான்தான் வாசித்துச் சொல்வான், மாமி சொல்வதை அடிப்பான்.

கொஞ்ச நாளாக ஒரே வரிதான் வந்தது. 'நான் நன்னா இருக்கேன்மா.' எதைக் கேட்டாலும் அதே. எந்தக் குரலில் அதை வாசிப்பதென்று மீரானுக்கே புரியவில்லை.

"நீ வாசிச்சா எல்லாம் சந்தோஷமாத்தான் இருக்கு மீரான். அவ வாயால கேட்டாத்தான் எனக்குத் தெரியும்" என்றாள் மாமி.

"ஐ.எஸ்.டி. போட்டுத் தரட்டா மாமி?"

"அந்த மீட்டர்ல சிவப்பு நம்பர் ஓடறதையே பாத்துண்டு, நன்னா இருக்கியா, இருக்கேன்னு வெச்சுடறோம். அழறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடணுமோல்லியோ, அதுக்கு எங்கே நேரம்?"

மீரான் மேஜை டிராயரைப் பார்த்தான். எப்போதோ ஆசைப்பட்டு வாங்கி, பயத்தில் பிரிக்காமலே வைத்திருந்த ஹெட்போனும் மைக்கும் உள்ளே இருந்தன. காசிலிங்கத்தைப் பார்த்தான். அவர் பேப்பருக்குள் இருந்தார். வருவது வரட்டும் என்று பிரித்துக் கம்ப்யூட்டரில் செருகினான். 'மைக் இருந்தால் எடு' என்று ஹம்ஸினிக்கு அடித்தான்.

ஹெட்போனை மாமியின் காதில் வைத்தான். குரல் வந்திருக்க வேண்டும். மாமி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"ஹம்ஸி! நன்னா இருக்கியா? நான் நன்னா இருக்கேன்! சரி, வெச்சுடட்டுமா!"

மறு பேச்சில்லாமல் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாள். ஒரு வருஷத்து ஐ.எஸ்.டி. பழக்கம்! மீரான் பதறிப்போய் எடுத்துத் திரும்ப மாட்டினான்.

"மாமி, இதுல மீட்டர் ஓடாது. பைய பேசுங்க. பேசாமக்கூட இருங்க."

மாமிக்கு அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா இருந்தாள். அந்தப் பக்கமும் சும்மா இருந்திருக்க வேண்டும். ஃபேன் சுற்றியது. மாமி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகம் மீரானுக்குத் தெரிந்த முகம். டேப் ரிக்கார்டர் பக்கத்தில் உம்மா உட்கார்ந்திருந்த அதே முகம்.

பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்தான். காசிலிங்கம் எழுந்து, மாமியை ஒரு தரம் பார்த்து, வாசலில் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். காலேஜ் பையன் ஒருத்தன் படியேறினான்.

"கரண்டு இல்லலே, நாளைக்கு வா" என்றார் அவர்.

உள்ளே லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டே அவன் இறங்கிப் போனான்.

மாமியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"வாடி. அவனோட நீ பட்டது போறும். ஊர் ஆயிரம் சொல்லட்டும். நீ கிளம்பி வா."

மறுநாள் சாயங்காலம் காசிலிங்கம் வழக்கம்போல வந்து பேப்பரை விரித்தார்.

"என்ன சொன்னாலும் விதி விதிதான்வே. அணைய ஒடச்சா ஊரு தாங்காது."

"சரி அண்ணாச்சி."

ஒரு பக்கத்தைப் புரட்டினார். படித்த மாதிரி தெரியவில்லை.

"அந்தப் புள்ள என்னைக்குவே வருது?"