எருமை வழியாகக் குடும்பம் நடத்தியவர்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே சோளமும் கடலையும் விளைவித்து வாழ்ந்த சின்னையனுக்கு ஊரில் நல்ல பெயர்தான், வாயைத் திறக்காத நேரங்களில். நாக்கில் ஒரு வேடிக்கை வந்துவிட்டால் அதை வெளியே விடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மகன் மாரப்பனின் காதுகுத்து அப்படித்தான் கெட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் ஆறுமுகசாமி, சின்னையன் மனைவி மருதாத்தாளுக்கு ஒரே தம்பி. தன் சக்திக்கு ஏற்ற ஓர் ஆட்டை முறைக்குப் பிடித்து வந்திருந்தான். சின்னையன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னுங்க மாப்ள, எலும்பு வந்து சேந்துருச்சு. கறி பின்னால வண்டீல வருதுங்களா?"

பந்தலே சிரித்தது. ஆறுமுகசாமி ஆட்டை இழுத்துக்கொண்டு திரும்பியவன்தான். சின்னக்கானலில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டுகிறான் என்று வெகுநாள் கழித்துத் தகவல் வந்தது.

மருதாத்தாள் அழவில்லை, சண்டை போடவில்லை. புருசனோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கட்டுத்தறி எருமையிடம் சொன்னாள்.

"எருமே, சோறு ஆறுது."

"எருமே, ஆரோ மடைய ஒடைச்சுட்டாங்களாமா."

சின்னையன் சாப்பிட வருவார், மடைக்கு ஓடுவார். அந்த எருமை செத்தது. அதன் கன்று அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. இடையில் இரண்டு பெண்பிள்ளைகளும் பிறந்தன. அதற்கும் எருமைதான் தூது போயிற்றா என்று ஊர் கேட்டது.

மாரப்பனுக்கு மீசை முளைத்தது, காதில் துளை விழவில்லை. கல்யாணம் கூடிவந்தபோது பெண்வீட்டார் முறைத்தார்கள்.

"கடுக்கன் பண்ணி வெச்சிருக்கறம். மூளிக்காதுல எங்கீங்க போடறது? குத்திட்டுச் சொல்லுங்க, முகூர்த்தம் வெக்கலாம்."

மருதாத்தாள் கட்டுத்தறிக்குப் போனாள். "எருமே, என்ற தம்பி மடியில்லாம இந்தக் காதுல ஊசி படப்படாது. கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

சின்னையன் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று வண்டியிலும் காலிலுமாக மலையேறினார். ஆறுமுகசாமி கம்பளிக்குள் பாதி ஆளாக இருந்தான்.

"வர்றனுங்க மாமா. அக்காளப் பாக்கோணும்னு எனக்கு மட்டும் இருக்காதுங்களா? ஆனா ஆட்டோடதான் வருவேன். அதப் பத்தி உங்க வாயில ஒரு பேச்சு வந்துச்சுன்னா, ஆட்டப் புடிச்சுட்டு மறுக்கா மலையேறீருவேன். காது மூளியாவே கெடக்கட்டும்."

சொன்னபடியே வந்தான். ஆடு மலையிலிருந்து நடந்தே வந்திருந்தது. இதைப் பார்க்க, அன்று திரும்பிப் போன ஆடு கொழுத்த ஆடு. ஊர் ஆட்டைப் பார்க்கவில்லை, சின்னையன் வாயைப் பார்த்தது. அவர் வெற்றிலையை இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு நின்றார்.

மாரப்பன் மடியில் உட்கார்ந்ததும் மாமன் மறைந்துபோனான். ஆசாரி ஊசியை ஏற்றினார். மாப்பிள்ளை மீசையை மறந்து "ஆத்தா!" என்று அலறினான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்திரி மாப்ள, காலு செத்துப்போச்சு."

காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஆறுமுகசாமி நிமிர்ந்தான். "என்னுங்க மாமா, ஆட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லுலீங்களே?"

சோற்றுப் பானையில் மருதாத்தாளின் கரண்டி நின்றது. நல்ல ஆடு என்று சொல்லச் சின்னையனுக்கு வாய் வராது. உள்ளதைச் சொன்னால் தம்பி போய்விடுவான், கல்யாணமும் போய்விடும். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"நான் எருமை மாப்ள. ஆட்டோட நயம் எனக்கென்ன தெரியும்?"

ஆறுமுகசாமி சிரித்துச் சிரித்து இருமினான். பானைப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. மருதாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, வாயத் தொடைங்க. வெத்தல ஒழுகுது."

சின்னையன் வழக்கப்படி கட்டுத்தறியைத் திரும்பிப் பார்த்தார். எருமை மேய்ச்சலுக்குப் போயிருந்தது.