ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸும் நானும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் அப்பாவின் ஷிஃப்டை அம்மா எழுதிவைப்பாள். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு மூன்று. எங்கள் குவார்ட்டர்ஸில் குக்கர் எப்போது வைப்பது, டி.வி.யை எவ்வளவு சத்தமாக வைப்பது எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். பெங்களூரு வேலையைக் கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நெய்வேலிக்கு லேப்டாப்போடு வந்து இறங்கிய மறுநாள், காப்பிக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்தக் காலண்டரைப் புரட்டினேன். அப்பா ரிட்டயர் ஆக இரண்டு மாதம். அதற்குள் ‘ஒன்று’ என்று எழுதிய வாரங்கள் மூன்றே மூன்று.

காப்பி வந்தபோது நான் பரணில் பழைய ஷூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படித்தபோது நான் ஓட்டக்காரி. காலை ஐந்தேகாலுக்கு அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் ஏறுவார். நானும் அதே ஸ்டாப்பில் நின்று, பஸ் கிளம்பியதும் கூடவே ஓடுவேன். டவுன்ஷிப்பை விட்டு மைன்ஸ் பக்கம் திரும்பும் ஆர்ச் வரைக்கும் மொத்தம் ஆறு ஸ்டாப், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பஸ்ஸோடு ஒரு பெண் எப்படி ஓட முடியும் என்று பெங்களூரில் கேட்பார்கள். முடியும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பத்துப் பதினைந்து பேர் சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் நான் பஸ்ஸைத் தாண்டிவிடுவேன். பஸ் மறுபடி என்னைத் தாண்டும். அடுத்த ஸ்டாப்பில் மறுபடி நான். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீளும். “ஓடு கண்ணு, வுடாத! டிரைவரு தூங்கிகினு இருக்காரு!” ஆர்ச் ஸ்டாப்பில் கூட்டம் அதிகம் என்பதால் பஸ் ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நிற்கும். அதற்குள் போய்ச் சேர்ந்து, இடுப்பில் கைவைத்து, அப்பாவின் ஜன்னலைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். அந்த ஒரு நிமிஷம்தான். பிறகு பஸ் போய்விடும்.

அப்புறம் கல்லூரி, வேலை, நாற்காலி. ஆறு வருடம் ஓடவே இல்லை. ஆனால் பெங்களூரில் அதிகாலை தண்ணீர் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டால் தூக்கத்திலேயே என் கால் விரல்கள் மடங்கும். அந்த ஒரு நிமிஷம் இன்னொரு முறை வேண்டும். அப்பா அந்த பஸ்ஸில் இருக்கும்போதே வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதல் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரணில் ஷூ கிடைக்காமல் வாங்கிய புது ஷூ, கையில் வாட்ச், ஃபோனில் ஆப். இரண்டாவது ஸ்டாப்பைத் தொடும் முன்பே விலா பிடித்துக்கொண்டது. தண்ணீர் டேங்க் ஓரம் உட்கார்ந்து, காலையில் தின்ற வாழைப்பழத்தை வாந்தியெடுத்தேன். பஸ்ஸில் யாரும் கத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அடுத்த ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வருவதற்குள் வெறிபிடித்தாற்போல் பழகினேன். பழைய கணக்கையே வைத்துக்கொண்டேன்: ஒரு ஸ்டாப் ஓட்டம், அரை நிமிஷம் மெதுநடை, மறுபடி ஓட்டம். மூன்று கிலோமீட்டர் நிற்காமல் வந்தது. திங்கட்கிழமை அப்பாவோடு ஸ்டாப்புக்குப் போனேன்.

“பாப்பா, பாத்து ஓடு. ரோட்டு ஓரமா ஓடு,” என்று சொல்லிவிட்டு ஏறினார். அவரோடு அங்கே ஏறியவர் இன்னும் ஒரே ஒருவர்.

பஸ் கிளம்பியது. இரண்டாவது ஸ்டாப்பில் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். இரண்டாவது ஸ்டாப்பில் யாருமே இல்லை. பஸ் நிற்கவில்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவது ஸ்டாப்புக்கு நான் போனபோது, பஸ் போன தடமே இல்லாமல் ரோடு காலியாக இருந்தது.

நடுரோட்டில் நின்று அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். அந்தத் தெருவில் பாதி குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தன. கேட்டுக்கு மேலே காகிதப்பூச் செடி ஏறியிருந்தது. முன்பு கத்தியவர்கள் ரிட்டயர் ஆகித் தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் போயிருந்தார்கள். இருப்பவர்கள் பைக்கில் போகிறார்கள். மூன்று வாரமாக, பஸ்ஸே நிற்காத ஸ்டாப்புகளுக்காக நான் பழகிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் நான் ஒன்றும் வேகமாக ஓடவில்லை. அத்தனை பேர் ஏறி ஏறி பஸ்ஸை எனக்காகப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் அப்பா வந்ததும் சண்டை பிடித்தேன். “பஸ் எங்கயுமே நிக்கலன்னு ஏம்பா சொல்லல?”

“நீ ஒடம்பு எளைக்க ஓடறேன்னு நெனச்சேன்,” என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

அம்மா ரசத்தைக் கலக்கியபடி தீர்ப்புச் சொன்னாள். “பஸ்ஸு நிக்கலன்னா நீ முன்னாடியே கெளம்பேன்டி. யாரு கையப் புடிச்சா? இதுக்குப் போயி ரெண்டு பேரும் மூஞ்ச தூக்கி வச்சிகினு.”

அது போங்காட்டம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு வழி தெரியவில்லை.

மூன்றாவது வாரம். கடைசி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வீட்டில் அதற்குள் அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. பண்ருட்டியில் வாடகைக்கு வீடு பேசியாகிவிட்டது. தினமும் அப்பா குளிக்கப் போகும்போது நான் கிளம்பினேன். திங்கட்கிழமை நான்காவது ஸ்டாப் அருகே பஸ் என்னைத் தாண்டியது. புதன்கிழமை ஐந்தாவது. வெள்ளிக்கிழமை ஆர்ச் கண்ணில் பட்ட இடத்தில். ஒவ்வொரு முறையும் ஜன்னல்கள் வரிசையாக வரும், அப்பா இருக்கும் ஜன்னல் எது என்று தேடுவதற்குள் போய்விடும்.

சனிக்கிழமை வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். விலா பிடித்தது, விட்டது. ஐந்தாவது ஸ்டாப் தாண்டியும் பின்னால் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்ச் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். யாரும் இல்லாத ஸ்டாப். தகரக் கூரைக்குக் கீழே ஒரு நாய் மட்டும். இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றபோது வெளிச்சம் வந்தது. பஸ்.

இது நிற்காது என்று அப்போதுதான் உறைத்தது. இங்கே ஏற ஆளில்லை. வந்த வேகத்தில் போய்விடும்.

பிரேக் சத்தம். பஸ் எனக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“ஏறும்மா, ஏறு. டைம் ஆவுது.”

“இல்லீங்கண்ணா. நான் ஏறலங்க.”

“அப்ப ஸ்டாப்புல இன்னாத்துக்கு நிக்கிற?”

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: “யோவ், நம்ம ஆளு பொண்ணுய்யா அது! ஓடிகினே வந்திருக்குது!”

“ஓடிகினு வந்தா? அதுக்கு ஸ்டாப்புல நின்னா நான் எப்டிய்யா கண்டுபுடிப்பேன்?”

பஸ்ஸுக்குள் சிரிப்பு. மொத்தம் ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். மூன்றாவது ஜன்னலில் அப்பா. நான் அருகே போனேன். சொல்ல வேண்டும் என்று ஆறு வருடமாக என்னென்னவோ வைத்திருந்தேன். மூச்சுதான் வந்தது.

“தண்ணி குடிச்சியா?” என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். பாட்டிலைத் திறந்து, மூடியை என் உள்ளங்கையில் வைத்து, பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். குடித்தேன். அம்மா சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் என் ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி ஷூவைப் பார்த்தார்.

“லேஸு அவுந்திருக்கு பாரு.”

“போலாமா சார்? பஞ்ச் போடணும்ல,” என்றார் டிரைவர். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். பஸ் நகர்ந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பிறகுதான் பார்த்தேன், மூடி என் கையிலேயே இருந்தது.

“அப்பா! மூடி!”

ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம் நான் ஒருநாளும் ஓடியதில்லை. லாரிகள் போகும் ரோடு, ஓரமெல்லாம் பழுப்புத் தூசி. பஸ் இரண்டாவது கியருக்கு மாறியது. ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் கை வந்தது. வேண்டாம், திரும்பிப் போ என்று ஆட்டியது. மூடி இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். லேஸ் கணுக்காலில் அடிக்க அடிக்க, அந்தக் கை தெரிந்தவரைக்கும் ஓடினேன்.