அசைந்துவிட்ட முகம்

நம்மூர் வாழ்க்கை மறந்துபோகக் கூடாது என்று கோட்டாறு வாசகசாலையில் பழைய படங்களைச் சேர்த்தோம். வீட்டிலுள்ள படத்தைக் கொண்டுவந்தால், எங்கள் படக்காரர் அதை இன்னொரு படமாக எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவார். கல்யாணம், அறுவடை எல்லாம் வருமென்று நினைத்திருந்தேன். வந்தவை பெரும்பாலும் சாவுப் படங்கள்.

மீன் விற்கும் ஒரு கடற்கரை அம்மாவும் சவப்பெட்டிப் படம்தான் கொண்டுவந்தார். உப்பில் வெடித்த கைகள். முந்தானையால் படத்துக் கண்ணாடியின் ஒரு மூலையை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டியில் கிடந்த கணவர் தெளிவாகத் தெரிந்தார். மூலையில் நின்ற சிறுமியின் முகம் புகைபோலக் கலைந்திருந்தது.

"எம்மவ. அப்பனப் பாத்து அழுது அசைஞ்சிட்டா. பொறவு வாந்திபேதியில போயிட்டா. உடனே கொண்டுபோயி அடக்கிட்டாவ. படம் எடுக்க விடல்ல."

"உயிரோட இருக்கும்போ தனியா ஒரு படம் எடுக்கலியா அம்மா?"

"சாவில்லாத வீட்டுக்குப் படக்காரன் எதுக்கு மக்கா வாறான்?"

அந்த மூலையை மறுபடியும் துடைத்துவிட்டுக் கேட்டார். "இப்ப திருப்பி எடுக்கும்போ இவ மொகம் தெளியும்லா?"

படத்தை வாங்கிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தேன். படக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். அந்த அம்மா படத்தருகே குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"அசையாம நில்லு மக்ளே."