ஜெபத்தில் திறந்த கண்

என் கையெழுத்து மோசம், எழுத்துப்பிழையும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. கைபேசிக்கு முன்னால் மட்டும் பேச்சு வந்தது. குருபோங் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டுகிறேன். சரக்கு ஏற்றி முடிக்கும்வரை லாரிக்குள்ளேயே உட்கார்ந்து, ஒரு வசனம் வாசித்து, இரண்டு வார்த்தை பேசிப் பதிவேற்றுவேன். முதலில் என் மனைவியும் மைத்துனரும் பார்த்தார்கள். பிறகு முகம் தெரியாதவர்கள் சேர்ந்து, "ஆமென் பிரதர்" என்று எழுதினார்கள். இதற்கு ஊழியம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம், இன்னும் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று என் விரல் ஏன் தேடியது?

முன்பு என்னோடு லாரி ஓட்டிய அண்ணன் ஒருவர் புலாவ் செபாங் ஊரில் பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, அவருக்காக ஜெபிக்க நானும் மனைவியும் போனோம். கட்டிலுக்கு எதிரே ஒரு பிஸ்கட் டின்னில் கைபேசியைச் சாய்த்து வைத்தேன்.

"நாலு பேரு பாத்து விசுவாசத்துல வளரட்டும்ணே," என்றேன்.

"எடு லா தம்பி. நான் சட்ட போட்டுக்கணுமா?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்து, கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்குகிறேன். பாதியில் என் கண் திறந்து கைபேசியைப் பார்க்கிறது. படத்தில் என் கை என் முகத்தை மறைக்கிறது. உடனே கையை அவர் தலையிலிருந்து தோளுக்கு இறக்கிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறேன். இவ்வளவு நடந்தும் ஜெபக்குரல் மட்டும் நிற்கவில்லை.

"அந்த எடத்த மட்டும் வெட்டிட்டுப் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் மனைவி.

வெட்ட எனக்குத் தெரியும். விரலும் போனது. கடைசியில் முழுவதையும் அழித்தேன். அழித்த மனதையும் நம்ப முடியவில்லை. அது தாழ்மையா, மாட்டிக்கொள்வேன் என்ற பயமா?

அடுத்த ஞாயிறு தனியாக, கைபேசி இல்லாமல் போனேன்.

"போன் எங்க?" என்றார் அண்ணன்.

"வீட்ல வச்சிட்டேன்ணே."

"அப்போ இன்னைக்காவது கண்ண மூடுவ."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் என்னைக்குப்பா ஜெபத்துல கண்ண மூடியிருக்கேன்? நீ கண்ணத் தொறந்தது பரவால்ல லா. கைய எடுத்தியே, அதான் ஒரு மாதிரி ஆயிருச்சு. வை, தலையிலயே வை."

வைத்தேன். தலை சூடாக இருந்தது. போன வாரமும் அப்படித்தான் இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, இதை எழுதினால் எல்லோரும் மெச்சுவார்கள் என்ற நினைப்பு வந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போதும் அந்த நினைப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

எழுதியது: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்கிழமை, வேலைக்குப் போகுமுன்.