அப்பாவின் எட்டு விநாடிகள்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் சாமிப் படத்தைவிடப் பெரிதாக ஓர் இங்கிலாந்து அறிஞரின் படம் தொங்கியது. விக்டோரியா ராணி காலத்து ஸ்டூடியோவில் எடுத்தது. தாடி, கறுப்புக் கோட், எங்கோ நிலைகுத்திய கண்கள். "அறிவாளியின்ரை முகத்தைப் பாருங்கோ, துளியும் அசையாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காட்டுவார். ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மொன்றியல் தமிழ் விழாக்களில் அவர்தான் தலைமைப் பேச்சாளர். பிரெஞ்சில் நினைத்துத் தமிழில் உளறும் தலைமுறைக்கு உதாரணம் தன் வீட்டிலேயே இருக்கிறது என்று மேடையில் என்னைக் காட்டுவார். சபை சிரிக்கும். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பேன்.

கல்லூரியில் புகைப்படம் படித்தபோது ஆசிரியை விளக்கினார்: அந்தக் காலத்தில் படம் விழப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும், அதற்காகத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை முட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து அறிஞரை உற்றுப் பார்த்தேன். சப்பாத்துக்குப் பின்னால் தாங்கியின் கால் தெரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அப்பாவுக்கு அப்போது தலை ஆடத் தொடங்கியிருந்தது. வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வார். சிந்தனையில் இருக்கிறார் என்று சனம் நினைத்தது.

அவருடைய கட்டுரைத் தொகுப்பு வரவிருந்தது.

"அந்தப் படம் மாதிரி என்னையும் எடு பிள்ளை. அட்டையில போடவேணும்."

"பழைய முறையிலயே எடுப்பம் அப்பா."

கல்லூரியில் அப்படியொரு தாங்கி இருந்தது. வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை.

"கையைத் தாடையில வைக்கட்டோ?"

"வேண்டாம். மடியில வையுங்கோ."

"கன நேரமோ?"

"எட்டு விநாடி."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் நிதானமாக எண்ணினேன்.

கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்திருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கலங்கல். படம் பழுதாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பிறகு கல்லூரிக் கண்காட்சியில் அதை மாட்டி, கீழே அவர் பெயரையும் எழுதி, விழாக் குழுவினரையும் அப்பாவையும் அழைத்தேன்.

குழுத் தலைவர் படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், தலை நடுங்குதோ?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை.

அடுத்த விழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வேறொருவரைப் பேசக் கூப்பிட்டார்கள். தபாலில் வந்த அழைப்பிதழை அப்பா முன்னும் பின்னும் திருப்பி இரண்டு தரம் வாசித்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்லை அப்பா," என்றேன். "உங்கடை பேர் போடேல்லை."